ரவுட்டர் டேபிள்: ஒன்று வாங்கினேன், ஒன்று செய்தேன்

கோயம்புத்தூரில் சின்னதாக ஒரு மரப்பட்டறை வைத்திருக்கிறேன். கதவு, ஜன்னல், கிச்சன் ஷட்டர், எப்போதாவது ஒரு பூஜை அலமாரி, இதுதான் வேலை. வேகமாகச் சுற்றும் பிட்டால் மரத்தில் பள்ளமும் ஓர டிசைனும் வெட்டுகிற மிஷின்தான் ரவுட்டர், அதைக் கையில் பிடித்தே பத்து வருடம் ஓட்டியாயிற்று. ரவுட்டரை அடியில் தலைகீழாக மாட்டி, மேலே நீட்டும் பிட்டில் மரத்தைத் தள்ளி வெட்டுகிற டேபிள் வேண்டும் என்று முடிவு செய்து முதலில் ஆன்லைனில் ஒன்று வாங்கினேன், நான்கே மாதத்தில் அதை ஓரம் கட்டிவிட்டு, லேத் பட்டறைக்காரரையும் எங்கள் ஆசாரியையும் வைத்துச் சொந்தமாக ஒன்று செய்தேன். அது 14 மாதமாகத் தினமும் ஓடுகிறது. இரண்டைப் பற்றியும் எழுதுகிறேன். டேபிளைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எந்த ரவுட்டர் போட்டிருக்கீங்க" என்றுதான். அதைக் கடைசியில் கேட்டால் போதும். கரண்ட் போய் வந்தால் என்ன ஆகும், மரம் நகரும்போது கை எங்கே இருக்கும், இந்த இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

வாங்கியதை முதலில் சொல்லிவிடுகிறேன். பேர் வேண்டாம், ஒரே அச்சில் வார்த்தது மாதிரி நான்கைந்து பேரில் விற்கிறார்கள். மேசை மேல் வைக்கிற சின்ன ரகம், அலுமினியத் தகடு, மரம் சாய்ந்து நகர ஒரு பிளாஸ்டிக் தடுப்பு (ஃபென்ஸ்), பக்கத்தில் ஒரு ஸ்விட்ச் பெட்டி, ஏழாயிரம் ரூபாய் சொச்சம். மாட்டிய முதல் வாரம் தேக்குச் சட்டத்தில் 6 எம்எம் ஆழத்துக்குக் காடி (நீளப் பள்ளம்) ஓட்டினேன். 900 எம்எம் நீளச் சட்டம். வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தால் இரண்டு முனையிலும் கிட்டத்தட்ட 6, நடுவில் 5 சொச்சம். பிட் நகர்ந்துவிட்டது என்று நினைத்து இறுக்கி மறுபடி ஓட்டினேன், அதே கதை. அப்புறம் ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே நிறுத்திப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ரவுட்டரின் எடை தாங்காமல் தகடு நடுவில் குழிந்திருக்கிறது. ஸ்கேலுக்கு அடியில் சாதாரண ஏ4 தாள்களை ஒவ்வொன்றாகச் செருகினேன், எட்டுத் தாள் உள்ளே போனது. ஒரு தாள் சுமார் 0.1 எம்எம், ஆக 0.8. நீளச் சட்டம் அந்தக் குழிக்கு மேல் பாலம் மாதிரி நிற்கிறது, பிட் எட்டுவது குறைகிறது. முனை வரும்போது சட்டம் குழிக்குள் சாய்கிறது, ஆழம் கூடுகிறது. கதவில் இப்படி வந்தால் பேனல் ஓரிடத்தில் ஆடும், ஓரிடத்தில் ஏறவே ஏறாது.

ஃபென்ஸ் இரண்டு பிளாஸ்டிக் திருகில் நின்றது. ஈர வேம்பு ஒன்றை அழுத்தித் தள்ளியபோது அது பின்னால் வழுக்கியது. ரவுட்டர் பக்கத்தில் ஃபென்ஸ் வழுக்கினால் அளவு மட்டும் கெடுவதில்லை, பிட் சட்டென்று கூடுதலாக வெளியே வருகிறது, மரத்தைக் கடிக்கிறது, மரம் கையை விட்டுத் துள்ளுகிறது. எனக்கு அன்று கட்டை விரல் நகத்தில் அடி. அதோடு போனது.

ஆனால் அந்த டேபிளை ஓரம் கட்ட வைத்தது வேறு ஒன்று. ஒரு நாள் காலை பீடிங் (ஓரத்தில் அடிக்கிற ஒல்லி டிசைன் சட்டம்) ஓட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. மாதாந்திரப் பராமரிப்பு நாள் என்று யாருக்கும் நினைவில்லை. பாதி ஓடிய ரீப்பர் சட்டம் ஃபென்ஸில் சாய்ந்தபடி இருக்க, எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டோம். ஸ்விட்சை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை, சத்தம் நின்றால் மிஷின் நின்றது என்றுதானே மனசு எடுத்துக்கொள்ளும். நாங்கள் திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றும்போது கரண்ட் வந்தது. ரவுட்டர் தானாகக் கிளம்பி, அந்த ரீப்பரைத் தூக்கி எதிர்ச் சுவரில் அடித்தது. சுவரில் பூச்சு பெயர்ந்த இடம் இன்னும் இருக்கிறது, அதைப் பூச வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எங்கள் பையன் வழக்கமாக நிற்கிற இடம் அது.

ஆகவே புதியதில் நான் முதலில் வாங்கிய பொருள் ஸ்விட்ச். இதற்கென்று தனி ஸ்விட்ச் கிடைக்கிறது, கரண்ட் போனால் விழுந்துவிடும், வந்தாலும் பச்சைப் பட்டனை மறுபடி அழுத்தாமல் ஓடாது. ஆனால் நம் ஊரில் தோட்டம் உள்ள எவர் வீட்டிலும் இதே வேலையைச் செய்கிற ஒன்று சுவரில் தொங்குகிறது: மோட்டார் ஸ்டார்ட்டர். பச்சையை அழுத்தினால் உள்ளே காயில் (காந்தச் சுருள்) கான்டாக்டரை, அதாவது மிஷினுக்குக் கரண்ட் விடுகிற ஸ்விட்சை, இழுத்துப் பிடிக்கும், கரண்ட் போனதும் பிடி விட்டுவிடும், திரும்ப வந்தாலும் தானாகப் பிடிக்காது. இதைத்தான் நான் போட்டேன்: 230 வோல்ட் காயில் உள்ள சின்ன கான்டாக்டர், கரண்ட் அளவு மீறினால் துண்டிக்கிற ஓவர்லோட் ரிலே, பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று. 2100 வாட் ரவுட்டர் சுமார் 9 ஆம்பியர் எடுக்கும், ரிலேயை அதற்கு வைத்தாயிற்று. சிங்கிள் ஃபேஸுக்கு ரிலேயில் வயர் சுற்றிக் கொடுக்கும் முறை வேறு, அதனால் வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள், எர்த்தையும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். போர்வெல் மோட்டாருக்கான பெட்டியில் கெப்பாசிட்டர் இருக்கும், அது இதற்கு ஆகாது. இன்னொன்று, கரண்ட் வந்ததும் பம்ப்செட்டைத் தானாகக் கிளப்ப விவசாயிகள் மாட்டுகிற ஆட்டோ ஸ்டார்ட்டர் கருவி. வயலுக்கு அது வரம், ரவுட்டர் பக்கம் அதைக் கொண்டுவரவே கூடாது. ஸ்டார்ட்டர் வாங்கப் போனால் கடைக்காரர் அதையும் சேர்த்துத்தான் எடுத்து வைப்பார்.

ரவுட்டரின் சொந்த ஸ்விட்ச் டேபிளுக்கு அடியில் ஆன் நிலையில் பூட்டியே இருக்கிறது, எல்லாம் வெளிப் பட்டனில்தான். சில ரவுட்டர்களில் தானாகக் கிளம்பாத ஏற்பாடு உள்ளேயே உண்டு. அவை வெளி ஸ்டார்ட்டரோடு சேராது, ஒவ்வொரு முறையும் குனிந்து ட்ரிகரை விட்டுப் பிடிக்க வேண்டி வரும். வாங்கும் முன் கடையில் பிளக்கைப் பிடுங்கிச் சொருகிச் சோதித்துப் பாருங்கள்.

சிவப்புப் பட்டனுக்கு மேல் ஒரு பலகை. இது எங்கள் ஆசாரியின் யோசனை. பட்டன் பெட்டியை முன் பக்கம் தொடை உயரத்தில் வைத்திருந்தேன். அவர் ஒரு முழு நாள் வேலை செய்து பார்த்துவிட்டு, "தம்பி, ரெண்டு கையும் மரத்துல இருக்கறப்ப எந்தக் கையில நிறுத்தறது?" என்று கேட்டார். அடுத்த நாள் காலை அவரே 12 எம்எம் பிளைவுட்டில் 150க்கு 300 அளவில் ஒரு துண்டு அறுத்து, மேலே கீல் போட்டுத் தொங்கவிட்டார். சிவப்புக்கு நேர் உள்பக்கத்தில் ஒரு சின்னக் கட்டை, பச்சைக்கு நேராக ஓட்டை. இப்போது தொடையால் முட்டினால் மிஷின் நிற்கும், ஓட விரலை ஓட்டைக்குள் விட்டு அழுத்த வேண்டும். மொத்த டேபிளிலும் எனக்கு ரொம்பப் பிடித்தது இந்தப் பலகைதான். செலவு ஒரு ஜோடிக் கீல். நின்ற பிறகும் பிட் சில விநாடி சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதை மட்டும் புதிதாக வருகிற பையன்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்து ஃபென்ஸ். இதில் நான் நிறைய நேரம் செலவழித்தேன், செலவழித்தது அத்தனையும் தகும். முதலில் ஒரு நல்ல செய்தி: ரவுட்டர் டேபிளில் ஃபென்ஸ் எதற்கும் இணையாக இருக்க வேண்டியதில்லை. டேபிள் ரம்பத்தில் பிளேடுக்கு இணை தவறினால் மரம் எரியும், உதைக்கும். இங்கே பிட் வட்டம், எந்தக் கோணத்தில் ஃபென்ஸ் நின்றாலும் பிட்டின் மையத்துக்கும் அதற்கும் உள்ள தூரம் ஒன்றுதான் கணக்கு. ஆகவே ஒரு முனையை ஒரு போல்ட்டில் அச்சாக நிறுத்தி, மறு முனையை மட்டும் நகர்த்தினால் போதும். பிட் நடுவில் இருப்பதால் அந்த முனையை 2 எம்எம் நகர்த்தினால் பிட் பக்கத்தில் 1 எம்எம்தான் நகரும். மெல்லிய அளவு பிடிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. மறு முனையில் ஒரு ஸ்டாப் கட்டையை இறுக்கி, இடையே ஒரு பேப்பரைச் செருகி எடுத்தால் 0.05 எம்எம் கூட நகர்த்தலாம். விலை உயர்ந்த திருகு ஃபென்ஸ் எதுவும் வாங்கவில்லை.

முதுகு 50 எம்எம் அலுமினிய ஆங்கிள், 6 எம்எம் கனம். அதன் முகத்தில் இரண்டு துண்டு 18 எம்எம் பிளைவுட், மைக்கா ஒட்டியது, பிட்டுக்கு ஏற்ப நெருக்கலாம், விலக்கலாம். இதன் அருமை பலருக்குத் தெரிவதில்லை. பிட்டைச் சுற்றி வாய் அகலமாக இருந்தால் மரத்தின் முனை அதற்குள் விழும், விழுந்தால் பிட் பிடித்துக்கொள்ளும். பிட்டுக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு மூன்று எம்எம் இருந்தால் போதும். மேலே பிட்டை மறைக்கப் பாலிகார்பனேட் தகடு ஒன்று, ஃபென்ஸிலேயே தூக்கி இறக்குகிற மாதிரி. அக்ரிலிக் போடாதீர்கள், அடிபட்டால் சில்லாக உடையும்.

மரத்தைத் தள்ளும் திசை. கையில் பிடித்து ஓட்டிப் பழகியவர்கள் டேபிளில் தவறுவது இங்கேதான். நானும் தவறினேன். ரவுட்டரைத் தலைகீழாக மாட்டினால், மேலே இருந்து பார்க்கும்போது பிட் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றும். நமக்கு அருகே உள்ள அதன் விளிம்பு வலது பக்கம் ஓடுகிறது. அதனால் மரத்தை வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும், பிட் எதிர்த்து நிற்கும், நாம் தள்ளுவோம், பிடி நம் கையில். இடமிருந்து வலமாக விட்டால் பிட்டே மரத்தை இழுத்துக்கொண்டு பறக்கும். அதைப் பிடித்த கை அதோடு சேர்ந்து பிட்டுப் பக்கம் போகும். டேபிள் முகப்பில் இடது பக்கம் பார்த்து ஒரு பெரிய அம்புக்குறியைப் பெயின்ட்டில் போட்டு வைத்திருக்கிறேன், எத்தனை வருட அனுபவஸ்தர் வந்தாலும் அது கண்ணில் படட்டும்.

இதே காரணத்தால்தான் மரத்தைப் பிட்டுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே விடக்கூடாது. பிட்டின் பின் விளிம்பு இடது பக்கம் ஓடுகிறது, நாமும் இடது பக்கம்தான் தள்ளுகிறோம், மரம் அம்பு மாதிரி கிளம்பும். ஒல்லியான பீடிங் ஓட்டும்போது இந்த ஆசை வரும். நாங்கள் செய்வது: அகலமான பலகையின் ஓரத்தில் டிசைனை ஓட்டிவிட்டு, அப்புறம் அதை ரம்பத்தில் சீவி எடுப்போம். பலகை அகலமாக இருக்கிற வரைக்கும் கை தூரத்தில் இருக்கும். 300 எம்எம்முக்குக் குறைந்த துண்டை வெறும் கையில் விடுவதே இல்லை, ஒரு தாங்கு பலகையில் இறுக்கித்தான். மேலேயும் பக்கத்திலும் அழுத்த, பிளைவுட்டில் வரிசையாகக் கீறிச் செய்த சீப்புப் பலகை இரண்டு. அவை மரத்தைப் பின்னால் போக விடாது. கையுறை போடுவதில்லை, மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிற்றைக் கூட சட்டைக் கைக்குள் இறுக்கி மடித்துக்கொள்வோம்.

மேல்பலகைக்குத் தண்ணீர் தாங்குகிற 710 கிரேடு பிளைவுட், 18 எம்எம் இரண்டு, ஒட்டி 36 ஆக்கினோம். எம்டிஎஃப் இன்னும் சமமாக வரும், விலையும் குறைவு, ஆனால் எங்கள் கூரையில் மழைக்காலத்தில் ஒழுகும், எம்டிஎஃப் தண்ணீர் பட்டால் ஊதிவிடும். அளவு 800க்கு 600. இரண்டு பக்கமும் மைக்கா ஒட்ட வேண்டும், மேலே மட்டும் ஒட்டினால் ஒரு பக்கம் மட்டும் ஈரத்தை இழுத்துப் பலகை வளையும். கீழே 40 எம்எம் ஸ்கொயர் பைப்பில் சட்டம், உயரம் 900. நடுவில் ரவுட்டரைத் தாங்க 10 எம்எம் அலுமினியத் தகடு, 300க்கு 235. அதை லேத்தில் முகம் சீவி வாங்கினேன். தகடு உட்காரும் பள்ளத்தில் எட்டு இடத்தில் சின்னத் திருகு, அவற்றைத் திருப்பித் தகட்டை டேபிளோடு சமமாக்கலாம். முதல் நாள் சமமாக்கவே ஒரு மணி நேரம் ஆனது. 14 மாதத்தில் இரண்டு முறை மட்டும் திருப்பியிருக்கிறேன், இரண்டும் அடைமழைக்குப் பிறகு. அதே ஏ4 தாள் சோதனையில் இப்போது ஒரு தாள் கூட உள்ளே போவதில்லை.

ஏற்றி இறக்க கார் ஜாக்கி. இரும்புக்கடையில் கிலோ கணக்கில் வாங்கிய பழைய கத்தரி ஜாக்கி. அதன் கைப்பிடிக் கம்பியை முன் பக்கம் நீட்டி ஒரு சக்கரம் வைத்தோம். நன்றாக வேலை செய்கிறது, ஒரு குறை இருக்கிறது, அதைத் தெரிந்தே வைத்திருக்கிறேன். கத்தரி ஜாக்கி ஒரு சுற்றுக்கு ஒரே அளவு ஏறாது. தாழ்ந்திருக்கும்போது ஒரு சுற்றுக்கு நிறைய ஏறும், உயர உயரக் குறைந்துகொண்டே வரும். சக்கரத்தில் கோடு போட்டு எண்ணுகிற வித்தை இதில் நடக்காது. உயரத்தைப் பிட்டுக்குப் பக்கத்தில் வைத்து அளக்கிற கேஜில்தான் பார்க்க வேண்டும். ரவுட்டரின் ஸ்பிரிங்கைக் கழற்றவில்லை, அது கீழ்நோக்கித் தள்ளுவதால் ஜாக்கியில் ஆட்டம் தெரிவதில்லை. உயரம் பிடித்த பிறகு ரவுட்டரின் பூட்டு நெம்புகோலை இறுக்காமல் ஓட்டக்கூடாது. பணம் இருக்கிறவர்கள் திருகு லிஃப்ட் வாங்கலாம், அதன் சுகமே தனி, ஒரு நண்பரின் பட்டறையில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். என் வேலைக்கு ஜாக்கி போதும்.

பிட்டின் காம்பைக் கவ்விப் பிடிக்கிற கோலெட் விஷயத்தைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், இதில்தான் கடைகளிலும் பட்டறைகளிலும் பெரிய குழப்பம். கடையில் "அரை இன்ச் பிட்" என்று கேட்டால் 12 எம்எம்மும் தருவார்கள், 12.7 எம்எம்மும் தருவார்கள். உண்மையான அரை இன்ச் 12.7. அந்தப் பிட் 12 கோலெட்டில் ஏறாது, அதனால் ஆபத்தில்லை. எதிர்ப்பக்கம்தான் ஆபத்து: 12 எம்எம் பிட் 12.7 கோலெட்டுக்குள் சுலபமாகப் போகும், நட்டை முறுக்கினால் இறுகினது மாதிரியும் இருக்கும். ஒருமுறை தேக்குப் பலகையில் காடி ஓட்டும்போது தொடக்கத்தில் 8 எம்எம், முடிவில் 11. குழிவுள்ள பழைய டேபிள் போய்விட்டதே, இது எப்படி என்று நிறுத்திப் பார்த்தால் பிட் கோலெட்டிலிருந்து மெல்ல மெல்ல மேலே ஏறி வந்திருக்கிறது. இன்னும் இரண்டு அடி ஓட்டியிருந்தால் முழுதாகக் கழன்றிருக்கும். பிட்டின் காம்பை வெர்னியரில் வைத்தேன், 12.0. கோலெட்டில் 12.7 என்று பொறித்திருந்தது. 6க்கும் கால் இன்ச்சுக்கும் இதே கதைதான், கால் இன்ச் என்பது 6.35.

அன்றைக்கே பிட் வைக்கும் கட்டையில் துளைகளை இரண்டு அளவில் போட்டோம். 12 எம்எம் பிட் இரண்டு துளையிலும் போகும் என்பதால் வெறும் துளை போதாது, 12க்கு உரிய வரிசையைச் சுற்றி வீட்டிலிருந்து கொண்டுவந்த சிவப்பு நெயில் பாலிஷ், 12.7க்கு நீலம். கோலெட் நட்டிலும் அதே நிறம். புதுப் பிட் எது வந்தாலும் வெர்னியரில் வைத்துத்தான் கட்டைக்குள் போகும். மாட்டும்போது காம்பை அடிவரை விட்டு, இரண்டு மூன்று எம்எம் மேலே இழுத்து, அப்புறம் முறுக்க வேண்டும். அடியில் இடித்த நிலையில் முறுக்கினால் கோலெட் சரியாகக் கவ்வாது. இதெல்லாம் பிளக்கைப் பிடுங்கி டேபிள் மேல் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்த பிறகுதான். ஸ்டார்ட்டர் அணைந்துதானே இருக்கிறது என்று நம்பிக் கை விடுவதில்லை.

வேகம். கையில் பிடித்து ஓட்டும் ரவுட்டரில் எல்லாப் பிட்டும் முழு வேகத்தில் ஓடும் என்று நினைப்பு வந்துவிடுகிறது. டேபிளில்தான் பெரிய பிட்கள் போடுவோம், அங்கே அந்த நினைப்பு கொல்லும். கதவுப் பேனலின் ஓரத்தைச் சாய்வாகச் சீவுகிற 75 எம்எம் பேனல் பிட்டை நிமிடத்துக்கு 22,000 சுற்றில் ஓட்டினால் அதன் விளிம்பு மணிக்கு 310 கிலோமீட்டர் வேகத்தில் போகும், கணக்குப் போட்டுப் பாருங்கள். 12,000க்குக் குறைத்தால் 170. பொதுவாகச் சொல்லும் அளவு: 25 எம்எம் வரை 24,000, 50 வரை 18,000, அதற்கு மேல் 60 சொச்சம் வரை 16,000, 75க்கும் அதற்கு மேலும் 12,000. பிட் பெட்டியில் இதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் பெட்டியில் உள்ளதுதான் சட்டம். அதனால் டேபிளுக்கென்று ரவுட்டர் வாங்குகிறவர்கள் ஒரே வேகம் உள்ளதை வாங்க வேண்டாம். மகிட்டா ஆர்பி2301எஃப்சி 9,000 முதல் 22,000 வரை இறங்கி ஏறும், போஷ் ஜிஓஎஃப் 130 11,000 முதல் 28,000 வரை. எது வாங்கினாலும் கீழ் எண்ணைப் பாருங்கள், மேல் எண் யாருக்கும் குறையப் போவதில்லை. பேனல் பிட்டை ஒரே ஓட்டத்தில் முழு ஆழமும் எடுப்பதில்லை, நான்கு தடவையாவது ஓட்டுவோம். கடைசி ஓட்டம் அரை எம்எம்தான், தேக்கில் பாலீஷ் போட்ட மாதிரி வரும். தேக்கில் மணல் சத்து உண்டு, சாதாரண ஸ்டீல் பிட் நிற்காது, கார்பைடு மட்டும்.

தூசி. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995லேயே முதல் வகுப்பில் வைத்துவிட்டது. நம் பட்டறைகளில் இன்னும் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை நடக்கிறது. இந்த டேபிளில் ஃபென்ஸுக்குப் பின்னால் ஒரு இரண்டரை இன்ச் பிவிசி குழாய், கீழே ரவுட்டரைச் சுற்றி அடைத்த பெட்டியில் இன்னொன்று, இரண்டும் ஒரு வேக்குவத்துக்குப் போகின்றன. ஓரம் ஓட்டும்போது பெரும்பாலான தூள் ஃபென்ஸ் வழியே போய்விடுகிறது, காடி ஓட்டினால் எல்லாம் கீழேதான் விழுகிறது, ஒன்று மட்டும் வைத்தால் பாதி வேலைதான். பெட்டியை முழுக்க அடைத்துவிடாதீர்கள். தலைகீழாகத் தொங்கும் ரவுட்டர் தன் மோட்டாருக்கான காற்றை அடியிலிருந்துதான் இழுக்கிறது. முதலில் நாங்கள் காற்றுத் துளை வைக்காமல் அடைத்து, அரை மணியில் மோட்டார் கை வைக்க முடியாத சூடு. கதவில் கையகலத் துளை போட்டு சல்லடை ஒட்டிய பிறகு சரியானது. முகமூடியும் காது மூடியும் போடத்தான் வேண்டும், வேக்குவம் இருக்கிறதே என்று விட முடியாது.

சரி, இதில் என்னென்ன செய்கிறோம். கதவுச் சட்டங்களுக்குக் காடி, கழுந்து, பேனலுக்குச் சாய்வு, நிலைக்கு மோல்டிங், இதெல்லாம் தெரிந்ததே. எனக்கே வியப்பாக இருந்த வேலை, பலகை ஓரத்தை நேராக்குவது. ஃபென்ஸின் இடது முகத்துக்குப் பின்னால் ஒரு துண்டு 1 எம்எம் மைக்காவைச் செருகி, அந்த முகத்தோடு பிட்டின் வெட்டு விளிம்பு சமமாக வருமாறு ஃபென்ஸை வைத்தால், டேபிள் இழைப்பு மிஷினாக மாறிவிடுகிறது. ஒரு ஓட்டத்துக்கு 1 எம்எம் சீவும். எங்களிடம் தனி ஜாயிண்டர் இல்லை, பூஜை அலமாரிக்கு மூன்று பலகை ஒட்டுவதெல்லாம் இப்போது இப்படித்தான், ஒட்டு தெரிவதில்லை. வளைந்த வேலைக்கு ஃபென்ஸைக் கழற்றிவிட்டு அச்சுப் பலகையும், அதன் ஓரத்தில் உருள்கிற பேரிங் உள்ள பிட்டும். அப்போது தகட்டில் பிட்டுக்குப் பக்கத்தில் 8 எம்எம் கம்பி ஒன்றை நிறுத்துவோம், மரத்தை முதலில் அதில் சாய்த்து, மெல்ல பிட்டுக்குள் விட வேண்டும். அந்தக் கம்பி இல்லாமல் வளைவு ஓட்டுவதைப் பார்த்தால் எனக்குக் கை கால் உதறும். ஃபென்ஸும் கம்பியும் எடுத்துவிட்டு, பிட்டை இறக்கித் தகட்டுத் துளையை மூடினால் 900 உயரத்தில் ஒரு ஒட்டு மேசை. சின்ன இடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அது பெரிய உதவி.

சறுக்கல்களையும் சொல்லிவிடுகிறேன். ரொம்பக் கனம், சக்கரம் வைத்தும் இரண்டு பேர் வேண்டும். பிட் மாற்ற ஒவ்வொரு முறையும் கீழே குனிய வேண்டும், ஆசாரிக்கு முட்டி வலி, அவர் பிட் மாற்றும்போது நான் போய் நிற்கிறேன். ஃபென்ஸின் நகரும் முனையை இறுக்கும் நட்டு பின்னால் இருக்கிறது, எட்டி இறுக்க வேண்டியிருக்கிறது. அது வடிவமைப்பில் நான் விட்ட தவறு, முன்னாலேயே வைத்திருக்கலாம். தகட்டில் துளை பெரிதாகிவிட்டது, சின்னப் பிட்டுக்கு ஹைலம் ஷீட்டில் (கெட்டியான பிசின் தகடு) வளையம் கடைந்து போட்டோம், அதுவும் ஒரு பக்கம் கால் எம்எம் தாழ்ந்து நிற்கிறது, மெல்லிய ரீப்பர் அதில் இடறுகிறது.

ரவுட்டர் நீங்கலாக எல்லாம் சேர்ந்து 21,000 ரூபாய் சுமார் ஆனது, இதில் லேத் வேலையும் வெல்டிங்கும்தான் பாதி. மைக்கா ஓரம் வெட்டவும் சின்ன பீடிங்குக்கும் மட்டும் ட்ரிம்மர் (சின்ன ரவுட்டர்) வைத்திருப்பவர்களுக்கு இத்தனை வேண்டாம். ஒரு 18 எம்எம் பிளைவுட், 6 எம்எம் ஹைலம் ஷீட்டில் தகடு, நேரான ஒரு கட்டை ஃபென்ஸ் போதும், இரண்டு நாள் வேலை. அதிலும் ஸ்டார்ட்டரும் தொங்கு பலகையும் வைத்துவிடுங்கள், ட்ரிம்மரும் நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்றுதான்.

ஃபென்ஸ் நட்டை முன் பக்கம் கொண்டுவர ஒரு நீளக் கம்பியும் கைப்பிடியும் லேத்தில் கொடுத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை வருகிறது. வளையத்தை இந்த முறை அலுமினியத்திலேயே கடையச் சொல்லியிருக்கிறேன்.